பிணைப்பின் காலம்: அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதித் தடுப்பான்களின் வரலாறு

முன்னுரை

ஒரு வேதிப்பொருள் மருந்தாவதும் நஞ்சாவதும் உட்கொள்ளும் அளவைப் பொறுத்தது என்பர். மூலக்கூறு நிலையில் இன்னொன்றும் சேர்கிறது: அப்பொருள் தன் இலக்கை எவ்வளவு நேரம் பற்றியிருக்கிறது என்பது. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியை உரிய கணத்தில் முடித்துவைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியின் ஆய்வு வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

விதையிலிருந்து நொதிக்கு

இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில் எஃபிக் மக்கள் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு கொடியின் விதையை உண்ணக் கொடுத்தனர். பிழைத்தவர் குற்றமற்றவராகக் கருதப்பட்டார். 19-ஆம் நூற்றாண்டில் அவ்விதை எடின்பரோவை அடைந்தது. அங்கு தாமஸ் ஃபிரேசர் அதன் விளைவுகளை ஆராய்ந்து, அதுவும் அட்ரோபினும் ஒன்றையொன்று எதிர்ப்பதைக் காட்டினார். விதையின் செயற்பொருளான பைசோஸ்டிக்மின் 1864-இல் பிரித்தெடுக்கப்பட்டது.

அது செயற்படும் வழி புலப்பட மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தை அடக்குகிறது என்பதை 1921-இல் தவளை இதயங்களைக் கொண்டு ஆட்டோ லோவி மெய்ப்பித்தார். அசிட்டைல்கோலின் என்னும் அப்பொருளைச் சிதைக்கும் நொதியைப் பைசோஸ்டிக்மின் தடுக்கிறது என்பதை 1926-இல் அவரும் நவ்ராட்டிலும் கண்டறிந்தனர். 1934-இல் லண்டனில் மேரி வாக்கர் இதே மருந்தால் மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளியின் தளர்ந்த தசைகளுக்குத் தற்காலிக வலுவூட்டினார்.

பூச்சிக்கொல்லியும் போர்நஞ்சும்

ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனத்தில் பூச்சிக்கொல்லி தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடர் 1936-இல் டாபுனை உருவாக்கினார். 1938-இல் சாரின் வந்தது. 1940-களில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி வந்தது. இந்தக் கரிமப் பாஸ்பரஸ் சேர்மங்களின் இலக்கும் அதே நொதிதான்.

செரீனில் நிகழ்வது

நொதியின் செயல்மையத்தில் செரீன் என்னும் அமினோ அமிலம் உள்ளது. அசிட்டைல்கோலின் வந்ததும் அதன் அசிட்டைல் பகுதி செரீனில் பிணைகிறது. நீர் மூலக்கூறு ஒரு மில்லிவினாடிக்குள் அதை அகற்றுகிறது. பைசோஸ்டிக்மின் விட்டுச்செல்லும் கார்பமேட் பகுதி நீங்கப் பல நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரை ஆகலாம். கரிமப் பாஸ்பரஸ் சேர்மங்கள் விட்டுச்செல்லும் பாஸ்பேட் பகுதியோ நீருக்கு எளிதில் இசைவதில்லை. நேரம் செல்லச் செல்ல அது தன் ஆல்கைல் தொகுதி ஒன்றை இழந்து முதிர்கிறது. அதன்பின் அந்நொதி மீள்வதில்லை. உடல் புதிய நொதியை ஆக்கியாக வேண்டும். இடைப்பட்ட காலத்தில் அசிட்டைல்கோலின் தேங்குவதால் கண்மணி சுருங்குகிறது, எச்சிலும் மூச்சுக்குழாய்ச் சுரப்பும் பெருகுகின்றன, மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன.

பாஸ்பேட்டைச் செரீனிலிருந்து பெயர்த்தெடுப்பதற்கென்றே 1955-இல் இர்வின் வில்சன் பிராலிடாக்சிமை முன்வைத்தார். முதிர்தலுக்கு முன் கொடுத்தால்தான் அது உதவும். டைமெத்தில் வகை நஞ்சுகளில் நொதியின் பாதி முதிர ஏறத்தாழ 3.7 மணி நேரமே ஆகிறது. டைஎத்தில் வகையில் 33 மணி நேரம் ஆகிறது. 1991-இல் சஸ்மனும் சில்மனும் இந்நொதியின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டனர். ஏறத்தாழ 2 நானோமீட்டர் ஆழமுள்ள குறுகிய பிளவின் அடியருகே அந்தச் செரீன் அமைந்திருப்பது அப்போது தெரிந்தது.

இலங்கை தரும் சான்று

பூச்சிக்கொல்லி நஞ்சேற்றம் பெரும் துயராக இருந்த இலங்கையில் நடந்து 2009-இல் வெளியான மருத்துவச் சோதனையில், பிராலிடாக்சிம் இறப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை. மாறாக, பாரத்தியானை 1984-இலும், மிகக் கொடிய வகுப்பைச் சேர்ந்த எஞ்சிய பூச்சிக்கொல்லிகளை 1995-இலும் விலக்கிய நாட்டில், அடுத்த பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

முடிவுரை

ஒரே செரீனில் நிகழும் பிணைப்பு, விரைவில் அவிழ்ந்தால் இயல்பான உடலியக்கம்; சற்றுத் தாமதித்து அவிழ்ந்தால் மருந்து; அவிழாவிட்டால் நஞ்சு. முதிர்தல் தொடங்கிய பின் மருத்துவத்திற்கு எஞ்சும் வாய்ப்பு மிகக் குறுகியது. ஆகவே கொடிய சேர்மங்களை மக்கள் கைக்கு எட்டாமல் செய்யும் சட்டம், இந்த மூலக்கூறு அறிவிலிருந்தே பிறக்க வேண்டிய முதன்மையான சிகிச்சையாகும்.