அபத்தம்: அவிழ்ந்த கட்டின் பெயர்

சீமைக்கருவேலங்காடும் வானம் பார்த்த நிலமுமாகக் கிடக்கிற வீரசோழன் பக்கம், ஒருவர் பேச்சு முன்னுக்குப் பின் ஒட்டாமல் போனால், “சம்பந்தா சம்பந்தமில்லாமப் பேசுறான்” என்பார்கள். புத்தகம் படிக்கிறவர் அதையே ‘அபத்தம்’ என்பார். இரண்டும் ஒரே வடமொழி வேரில் கிளைத்தவை. பந்தம் என்றால் கட்டு. சேர்த்துக் கட்டியது சம்பந்தம், கட்டுப்படாதது அபத்தம். தமிழில் புழங்கப் புழங்க இந்தச் சொல்லுக்குப் பொய், பிழை என்ற பொருள்களும் ஏறிக்கொண்டன. இலக்கியத்துக்கு உதவுவது அந்தப் பழைய, கட்டவிழ்ந்த பொருள்தான்.

அந்த ஊர்ப் பெயரில் இருக்கும் வீரசோழன் என்பது சோழர் பட்டம். அதே பட்டத்தால் பெயர்பெற்ற இலக்கண நூல் வீரசோழியம். 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் செய்தது. வடமொழித் தண்டியின் அணியிலக்கண நெறியைத் தமிழுக்குக் கொண்டுவந்த நூல். அந்த வழியில் பின்னால் எழுந்த தண்டியலங்காரம் செய்யுள் வழுக்களில் ஒன்றாகப் ‘பிரிபொருட் சொற்றொடரை’ வைக்கிறது. சொற்கள் தனித்தனியே பொருள் தரும். சேர்த்துப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. அபத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயரை நான் கண்டதில்லை. குடித்தவன் பேச்சிலும் பித்தன் பேச்சிலும் இது வழுவாகாது என்று அந்நூல் விலக்கும் தருகிறது. கட்டவிழ்ந்த பேச்சுக்கு நம் இலக்கணம் திறந்துவிட்ட வாசல் அது.

ஐரோப்பியச் சொல் வேறு வழியில் வந்தது. லத்தீனில் ‘அப்சர்டஸ்’ என்றால் சுருதி சேராதது. 1942இல் காம்யு சிசிஃபஸ் தொன்மத்தை வைத்து அதை மனித வாழ்வின் நிலையாகவே பேசினார். 1961இல் மார்ட்டின் எஸ்லின் என்ற விமர்சகர் பெக்கெட், அயனெஸ்கோ முதலியோரின் நாடகங்களுக்கு அதையே பெயராக்கினார். தமிழில் அதற்கு ‘அபத்த நாடகம்’ என்ற பெயர் நிலைத்தது, ந. முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’ போன்றவை அந்தப் பெயரோடு சேர்த்தே பேசப்பட்டன.

எனக்கு முதன்மையாகப் படுவது அதற்கும் முன்னால், 1943இல் வந்த புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. பிராட்வே முனையில் நிற்கும் பிள்ளையிடம் ஒருவர் வழி கேட்கிறார், அவர் கடவுள். இருவரும் ஓட்டலுக்குப் போய்க் காப்பி குடிக்கிறார்கள். ஆயுளே இல்லாதவரிடம் பிள்ளை தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா வாங்குகிறார். டிராம், பில், நூறு ரூபாய் நோட்டு, வீட்டில் காத்திருக்கும் மனைவி, குழந்தை எல்லாம் பட்டணத்து நடப்போடு இறுகக் கட்டப்பட்டவை. அவிழ்த்தது ஒரே ஒரு முடிச்சு. எல்லா முடிச்சையும் அவிழ்த்துப்போடும் கதைகளில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. எது அவிழ்ந்தது என்று தெரிய, மற்றவை கட்டுண்டு இருக்கவேண்டும். இங்கே குடியும் இல்லை, பித்தும் இல்லை. தெளிந்த புத்தியுள்ள இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். பழைய விலக்கின் எல்லையைத் தாண்டிய இடம் அது. தன் பெயரிலேயே பித்தனை வைத்துக்கொண்டவர் அதைச் செய்தார்.

கோயில் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ போடுகிற மேடைக்கு இப்படி ஒரு முடிச்சை மட்டும் அவிழ்ப்பது புதிதல்ல. வள்ளி தினை காக்க வருமுன்பே பபூன் வந்து ரேஷன் அரிசியையும் 100 நாள் வேலைச் சம்பளத்தையும் இழுத்துவிடுவார். முருகன் காலத்துக்கும் இன்றைக்கும் இடையிலுள்ள முடிச்சு ஒன்றுதான் அங்கே அவிழ்கிறது. ஆர்மோனியக்காரர் சுருதியை விடாமல் பிடித்திருப்பார். விடியும்போது வள்ளிக்குக் கல்யாணமும் நடந்துவிடும்.