கொரியரின் கடையும் எங்கட சீட்டும்

எண்பதுகளில் ரொறன்ரோவுக்கு வந்திறங்கிய எங்கட ஆட்களுக்குப் பால், பாண், லொத்தர் டிக்கெற் என்றால் கொரியரின் மூலைக்கடைதான். இரவு வேலை முடிந்து வரும்போதும் அங்கே வெளிச்சம் இருக்கும். "இவங்கள் நித்திரையே கொள்ளுறேல்லையோ?" என்று நானும் கேட்டதுண்டு. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1967இல் கனடா புள்ளிமுறையைக் கொண்டுவந்த பிறகே கொரியர் இங்கே தொகையாக வரத் தொடங்கினர். அறுபதுகளில் மேற்கு ஜெர்மனிக்குச் சுரங்கத் தொழிலாளராகவும் தாதிகளாகவும் போனவர்களிலும் பலர் பின்னர் ரொறன்ரோ வந்தார்கள். 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மீட்கப்பட்ட 155 தமிழரும் மேற்கு ஜெர்மனியிலிருந்தே கப்பலேறியவர்கள். இரண்டு சனமும் ஒரு நாட்டைக் கடந்துதான் வந்திருக்கிறது.

ஊரில் படித்த பட்டம் பலருக்கு இங்கே செல்லவில்லை. ஆங்கிலமும் தடக்கியது. கடை வாங்கினார்கள். முதலுக்குக் கைகொடுத்ததில் 'கே' என்ற முறையும் ஒன்று. வேறொன்றுமில்லை, எங்கட சீட்டுத்தான்! மாதாமாதம் காசு போட்டு, முறைக்கு ஒருவர் மொத்தமாய் எடுப்பது. கடையில் கணவன், மனைவி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சந்தித்தால் தொழில் கதையும் வரும்.

ஆனால் அவர்கள் சீட்டோடு நிற்கவில்லை. 1973இல் ஒன்ராறியோ கொரிய வர்த்தகர் சங்கத்தை அமைத்தார்கள். சங்கத்துக்கென்று மொத்தக் கொள்வனவுக் களஞ்சியமும் வந்தது. தனிக்கடைக்காரனுக்குக் கிடைக்காத விலை, சேர்ந்து வாங்கியபோது கிடைத்தது.

1992இல் ஒன்ராறியோவில் பெரிய கடைகளும் ஞாயிறில் திறக்கத் தொடங்க, போட்டி கூடியது. பிள்ளைகளில் பலர் படித்து வேறு தொழிலுக்குப் போனார்கள். கடையை இனி யார் பார்ப்பது என்ற தகப்பனின் கவலைதான் 2011இல் இன்ஸ் சோய் மேடையேற்றிய 'கிம்ஸ் கொன்வீனியன்ஸ்' நாடகம். பிறகு அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

எங்கட சனத்துக்கு உழைப்பும் புதிதில்லை, சீட்டும் புதிதில்லை. ஆனால் ஸ்காபரோவில் ஒரே பிளாசாவில் இரண்டு தமிழ்க் கடைகள், விலையைக் குறைச்சுக் குறைச்சு இரண்டுமே பூட்டினதை நான் பார்த்திருக்கிறேன். சீட்டு, தெரிந்தவரை நம்புவது. சங்கம், தெரியாதவரையும் நம்பப் பழக்குவது. இந்தச் சித்திரைப் புத்தாண்டில் கைவிசேடம் வாங்கிப் புதுக்கணக்குத் தொடங்கும் எங்கட கடைக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரரோடும் ஒரு கணக்குத் தொடங்கினால் என்ன?