பாக்டீரியாவுக்கும் ஒரு ஹீமோகுளோபின்

நம்ம திருவள்ளூர் பக்கம் வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கி, வேர்முண்டைக் கிள்ளிப் பாருங்க. உள்ளே சிவப்பா இருக்கும், அது லெக்ஹீமோகுளோபின். ஹீமோகுளோபின்னா ரத்தம்னு பள்ளியில் படிச்சது பாதிதான்.

விட்ரியோசில்லா என்ற பாக்டீரியாவிலும் ஒன்று உண்டு. சைட்டோகுரோம்னு நினைத்திருந்தார்கள்; 1986-இல் அமினோ அமில வரிசையைப் பார்த்த பிறகே அது ஹீமோகுளோபின் என்று தெரிந்தது.

ஐஐடி பம்பாயில் படித்துக் கால்டெக் போன சைதன் கோஸ்லா, ஜேம்ஸ் பெய்லியுடன் சேர்ந்து அதன் மரபணுவை ஈ.கோலைக்குள் வைத்தார். கட்டுரை வந்தது 1988-இல். அதே ஆண்டு கனக் தீட்சித்தும் டேல் வெப்ஸ்டரும் தனியாக அதே மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள்.

நொதிகலனில் பெரிய தலைவலியே ஆக்சிஜன் பற்றாக்குறைதான். இந்தப் புரதம் உள்ள ஈ.கோலை அதிலும் கூடுதலாக வளர்ந்தது. புரதத்துக்கு வேண்டிய ஹீமையும் அதுவே செய்துகொண்டது! 1984-இல் நாகாய் மனித பீட்டா குளோபினை ஈ.கோலையில் செய்தபோது, ஹீமைப் பிறகு வெளியிலிருந்துதான் சேர்க்க வேண்டியிருந்தது.