எஃகுத் தொடர் வார்ப்பில் குளிர்விப்புக் கட்டுப்பாடு

எஃகுத் தொடர் வார்ப்பில் குளிர்விப்புக் கட்டுப்பாடு என்பது, உருகிய எஃகு இடைவிடாது பாளமாகத் திண்மமாகும்போது அதன் மேற்பரப்பு வெப்பநிலையை உரிய எல்லைக்குள் வைத்திருக்கும் முறையாகும்.

முதல்நிலைக் குளிர்விப்பு

1500 °செ-இற்கும் மேற்பட்ட வெப்பநிலையில் உருகிய எஃகு, நீரால் குளிர்விக்கப்படும் செப்பு அச்சினுள் ஊற்றப்படுகிறது. பாளம் அச்சைவிட்டு வெளிவரும்போது அதன் புறஓடு மட்டும், பொதுவாக 10 முதல் 25 மி.மீ. வரையான தடிப்பிற்கு, இறுகியிருக்கும். உட்பகுதி நீர்மமாகவே இருக்கும். ஓடு மெலிந்திருப்பின் கிழிந்து, உருகிய எஃகு வெளியே கொட்டும். இது பணியாளர்களுக்குப் பேராபத்தாகும்.

இரண்டாம்நிலைக் குளிர்விப்பு

அச்சிற்குக் கீழே, தாங்கும் உருளைகளுக்கிடையே நீர் தெளிக்கப்படுகிறது. நீர் குறைந்தால் உள்ளிருக்கும் நீர்ம எஃகின் அழுத்தத்தால் ஓடு புடைக்கும். நீர் மிகுந்தால் மேற்பரப்பு அளவுக்கு மீறிக் குளிரும். ஏறத்தாழ 700 முதல் 900 °செ வரை பல எஃகு வகைகள், குறிப்பாக நையோபியம் சேர்ந்தவை, நொறுங்கும் இயல்பைப் பெறுகின்றன. வளைந்து இறங்கும் பாளம் இவ்வெல்லையில் நிமிர்த்தப்பட்டால், விரைந்து குளிரும் மூலைகளில் குறுக்கு விரிசல்கள் தோன்றும்.

கட்டுப்படுத்தும் முறை

நீரின் அளவு வார்ப்பு வேகத்திற்கேற்ப மாற்றப்படுகிறது. ஆயினும் வேகம் மாறும்போது, முன்னரே வார்க்கப்பட்ட பகுதி பழைய வேகத்தில் குளிர்ந்து வந்ததாக இருக்கும். நீராவியும் ஆக்சைடுப் படலமும் வெப்பநிலை அளவீட்டைப் பிழைபடுத்துகின்றன. எனவே, பாளத்தின் ஒவ்வொரு பகுதியும் கடந்துவந்த நேரத்தைக் கொண்டு அதன் வெப்பநிலையைக் கணினி கணக்கிட்டு, தெளிக்கும் நீரைத் திருத்துகிறது.