டேப்லெட் கணினியின் பயன்பாட்டு ஆயுள்

டேப்லெட் கணினியின் பயன்பாட்டு ஆயுள் என்பது, வாங்கிய புதிதில் இருந்த ஆர்வம் தணிந்த பிறகும் அந்தக் கருவி அன்றாட வேலைக்கு உதவும் காலத்தைக் குறிக்கும். கருவி பழுதாகாமல் உழைக்கும் காலமும் இதுவும் ஒன்றல்ல. திரையில் ஒரு கீறல்கூட விழாத நிலையிலேயே பல டேப்லெட்டுகள் அலமாரிக்குப் போய்விடுகின்றன. அதே வகைக் கருவிகள் விமானி அறையிலும் கடைக் கல்லாவிலும் ஆண்டுக்கணக்கில் ஓய்வின்றி உழைக்கின்றன. கருவிக்கென்று ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறதா, தயாரித்த நிறுவனம் எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் வழங்குகிறது ஆகிய இரண்டு கேள்விகளைப் பொறுத்தே இந்த வேறுபாடு அமைகிறது. 2010-இல் வெளிவந்த முதல் ஐபேட் இதற்குத் தெளிவான சான்று.

பின்னணி

கையில் ஏந்திப் படிக்கவும் எழுதவும் கூடிய கணினி என்ற எண்ணம் ஐபேடுக்கு வெகுகாலம் முந்தையது. அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆலன் கே 1972-இல் ‘டைனாபுக்’ என்ற பெயரில் சிறுவர்களுக்கான கையடக்கக் கணினி ஒன்றின் திட்டத்தை வெளியிட்டார். 1989-இல் ‘கிரிட்பேட்’ விற்பனைக்கு வந்தது. ஆப்பிளின் ‘நியூட்டன் மெசேஜ்பேட்’ 1993-இல் வெளியாகி, 1998-இல் நிறுத்தப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குள் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி வடிவம் டேப்லெட்டாகவே இருக்கும் என்று மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ் 2001-இல் கணித்தார். அடுத்த ஆண்டு அதற்கெனத் தனி விண்டோஸ் பதிப்பும் வந்தது. கணிப்பு பலிக்கவில்லை. எடை, விலை, குறைந்த பேட்டரி நேரம், விரலுக்குப் பதில் பேனாவை நம்பியிருந்தது ஆகியவை காரணங்கள்.

முதல் ஐபேட்

2010 ஜனவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகப்படுத்தினார். மேடையில் ஒரு சோபாவில் சாய்ந்து அமர்ந்து, செய்தித்தாள் படிப்பதையும் மின்னஞ்சல் பார்ப்பதையும் இயக்கிக் காட்டினார். ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவில் விற்பனை தொடங்கியது. முதல் நாளில் 3 லட்சம், 28 நாட்களில் 10 லட்சம் கருவிகள் விற்றன. இந்தியாவுக்கு 2011 ஜனவரி இறுதியில் வந்தது.

அதன் தொடக்க விலை 499 டாலர், திரை 9.7 அங்குலம், எடை சுமார் 680 கிராம். ஒருமுறை சார்ஜ் செய்தால் 10 மணி நேரம் இயங்கும் என்று நிறுவனம் கூறியது. கேமரா கிடையாது. ராம் நினைவகம் 256 எம்.பி. மட்டுமே.

இந்தக் கடைசி எண்தான் அதன் ஆயுளைக் குறுக்கியது. 2011 மார்ச்சில் வந்த ஐபேட் 2-இல் ராம் இரு மடங்காகி, கேமராக்களும் சேர்ந்தன. 2012 செப்டம்பரில் வெளியான ஐஓஎஸ் 6 இயங்குதளம், முதல் ஐபேடுக்குக் கிடைக்கவில்லை; ஐஓஎஸ் 5.1.1-உடன் அதன் புதுப்பிப்பு நின்றது. விற்பனை தொடங்கி இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை. ஐபேட் 2 ஐஓஎஸ் 9 வரை புதுப்பிப்பு பெற்றது.

பயன்பாட்டில் இந்தக் குறை வெளிப்பட்ட விதம் அதன் உரிமையாளர்களுக்குப் பழக்கமானது. உலாவியில் இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்து வைத்து முதல் பக்கத்துக்குத் திரும்பினால், அது மீண்டும் முதலிலிருந்து தரவிறங்கும்; பாதி நிரப்பிய படிவம் காணாமல் போகும். பழைய கணினியின் யூஎஸ்பி துளையில் செருகினால் ‘சார்ஜ் ஆகவில்லை’ என்று காட்டும். அதற்கு 10 வாட் சார்ஜர் தேவை. ஆனால் முன்பே சேமித்து வைத்த மின்னூல்களையும் பாடல்களையும் பொறுத்தவரை கருவி பழையபடியே வேலை செய்தது.

புதுமைக் கவர்ச்சியும் அதன் தணிவும்

புதிய பொருள் தரும் மகிழ்ச்சி சில காலத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதை உளவியலாளர்கள் பிலிப் பிரிக்மன், டொனால்டு கேம்ப்பெல் இருவரும் 1971-இல் ஒரு கோட்பாடாக முன்வைத்தனர். கல்வித் துறையில் இதற்கு நெருங்கிய கருத்தை ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் வலியுறுத்தினார். வகுப்பறைக்குள் புதிய கருவி நுழைந்ததும் மாணவர் கூடுதலாக ஊன்றிப் படிப்பதால் மதிப்பெண் உயரலாம். கருவி பழகியதும் அந்த உயர்வு தேயும். மளிகைப் பொருள் ஏற்றிவரும் லாரியால் உணவின் சத்து கூடுவதில்லை என்பது அவர் தந்த உவமை.

டேப்லெட்டின் சிக்கல் அது நின்ற இடத்திலேயே இருந்தது. செல்பேசிக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் மூன்றாவது கருவியாக ஜாப்ஸ் அதை முன்வைத்தார். அந்த இடைவெளி நிலைக்கவில்லை. 2011-இல் சாம்சங் 5.3 அங்குலத் திரையுடன் ‘கேலக்ஸி நோட்’ செல்பேசியை வெளியிட்டது. 2014-இல் ஆப்பிளே 5.5 அங்குல ஐபோனைக் கொண்டுவந்தது. சோபாவில் சாய்ந்து செய்தி படிக்கும் வேலையைச் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசி எடுத்துக்கொண்டது. நீண்ட கட்டுரை எழுதுவதும் கணக்குத் தாள் தயாரிப்பதும் விசைப்பலகையுள்ள கணினியிடமே தங்கிவிட்டன.

2013 நிதியாண்டில் சுமார் 7.1 கோடி ஐபேடுகள் விற்றன. 2016-இல் அது சுமார் 4.6 கோடியாகக் குறைந்தது. இந்தச் சரிவை ‘மக்கள் டேப்லெட்டைக் கைவிட்டார்கள்’ என்று மட்டும் படிப்பது தவறு. செல்பேசியைப் போல இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாமல், பழைய டேப்லெட்டையே பலர் வைத்துக்கொண்டனர் என்பதும் அதே எண்களுக்குப் பொருந்தும் விளக்கம். விற்பனைக் கணக்கு, வீட்டில் கருவி எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

பழமையடையும் வழிகள்

*இயங்குதளம்.* புதுப்பிப்பு நின்றதும் கருவி உடனே செயலிழப்பதில்லை. முதலில் புதிய செயலிகள் நிறுவ மறுக்கின்றன. பிறகு ஏற்கெனவே உள்ள செயலிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் சேவையகத்தோடு பேசுவதை நிறுத்துகின்றன. பழைய கருவிக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தரவிறக்கும் வசதியை ஆப்பிள் 2013-இல் ஏற்படுத்தியது. அது ஓரளவே உதவியது.

*பாதுகாப்புச் சான்றிதழ்கள்.* இணையத்தளம் உண்மையானதா என்று சரிபார்க்க, இயங்குதளத்துக்குள் மூலச் சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று இருக்கும். புதுப்பிப்பு இல்லாத கருவியில் அந்தப் பட்டியல் உறைந்துவிடும். ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, ஐஓஎஸ் 10-க்கு முந்தைய கருவிகளில் ஏராளமான தளங்கள் எச்சரிக்கையுடன் மறுக்கப்பட்டன. கருவியில் எந்தப் பழுதும் இல்லை.

*சேமிப்பகம்.* மலிவான டேப்லெட்டுகளில் முதலில் தளர்வது இதுதான். 2012-இல் வந்த கூகுளின் ‘நெக்சஸ் 7’ தொடக்கத்தில் வேகமானது என்று பாராட்டு பெற்றது. சேமிப்பகம் நிரம்ப நிரம்பத் தொட்டபின் காத்திருக்க வேண்டியதாயிற்று. அழிக்கப்பட்ட கோப்புகளின் இடத்தைப் பின்னணியில் துப்புரவாக்கும் வசதி 2013-இல் ஆண்ட்ராய்டு 4.3-உடன் வந்த பிறகு நிலைமை சற்று மேம்பட்டது.

*பேட்டரி.* லித்தியம்-அயனி பேட்டரி பயன்படுத்தினாலும் தேயும், சும்மா வைத்தாலும் தேயும். 1,000 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பின்னும் 80 விழுக்காடு திறன் இருக்கும்படி ஐபேட் பேட்டரி வடிவமைக்கப்பட்டதாக ஆப்பிள் கூறுகிறது. முற்றிலும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் பேட்டரி மீளாமலே போகலாம். நெடுநாள் எடுத்துவைப்பதானால் பாதியளவு சார்ஜுடன், அணைத்த நிலையில், சூடில்லாத இடத்தில் வைப்பதே முறை. முதல் ஐபேடின் திரை கொக்கிகளால் பொருத்தப்பட்டிருந்ததால் நெம்பித் திறக்க முடிந்தது; ஐபேட் 2 முதல் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டதால் பேட்டரி மாற்றுவது கடினமான வேலையானது.

நிலைத்த பயன்பாடுகள்

ஆர்வம் தணிந்த பிறகும் டேப்லெட் நிலைத்த இடங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு: அது ஏற்கெனவே இருந்த ஒரு பொருளை வேலையிலிருந்து விடுவித்தது.

விமானப் போக்குவரத்து இதில் முதன்மையானது. விமானிகள் வழித்தட வரைபடங்களும் கையேடுகளும் அடங்கிய, சுமார் 16 கிலோ எடையுள்ள பையைச் சுமந்து வந்தனர். ஐபேடைப் பறப்பின் எல்லாக் கட்டங்களிலும் பயன்படுத்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2011 டிசம்பரில் அனுமதி பெற்றது. 2013-க்குள் அதன் விமானங்கள் அனைத்திலும் காகிதப் பை போய்விட்டது. 2015 ஏப்ரலில் செயலிக் கோளாறால் அந்நிறுவனத்தின் பல விமானங்கள் தாமதமாயின. கருவி எவ்வளவு இன்றியமையாததாகிவிட்டது என்பதையும் அந்தச் சம்பவம் காட்டியது.

ஓவியர் டேவிட் ஹாக்னி 2010 முதல் ஐபேடில் வரையத் தொடங்கினார். 2011-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் வோல்ட்கேட் சாலையோரம் வசந்தம் வரும் காட்சிகளைத் தொடராக வரைந்தார். அவை பெரிதாக அச்சிடப்பட்டு 2012-இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2020-இல் பிரான்சின் நார்மண்டியில் மீண்டும் அதே வேலையைச் செய்தார். பத்தாண்டு இடைவெளியில் கருவிகள் மாறின, வேலை மாறவில்லை.

பேச முடியாத குழந்தைகளுக்கான தகவல் தொடர்பு மூன்றாவது துறை. படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் தனிக் கருவிகள் முன்பு பல ஆயிரம் டாலர் விலையில் விற்றன. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ முதலில் தனிக் கருவியாகவே வந்தது. பின்னர் ஐபேட் செயலியாக மாறியது. ‘தண்ணீர்’, ‘வலிக்கிறது’, ‘வேண்டாம்’ என்று சொல்ல அதையே நம்பியிருக்கும் குழந்தைக்கு, கருவி புதியதா பழையதா என்ற கேள்வியே எழுவதில்லை.

வீட்டில் பழைய டேப்லெட்டை ஒரே வேலைக்கு ஒதுக்குவது இதே தர்க்கத்தின் சிறு வடிவம்: பாட்டுத் தாள் காட்டும் பலகை, சமையலறைக் கடிகாரம், முதியவருக்கான காணொலி அழைப்புக் கருவி. ஒரே செயலியில் திரையைப் பூட்டிவைக்கும் வசதி ஐஓஎஸ் 6-இலும் ஆண்ட்ராய்டு 5.0-இலும் வந்தது.

பள்ளித் திட்டங்கள்

வேலையை வரையறுக்காமல் கருவியை மட்டும் வழங்கிய திட்டங்கள் பெரும்பாலும் சறுக்கின. லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் 2013-இல் மாணவர் அனைவருக்கும் ஐபேட் வழங்கத் தொடங்கியது. சில நாட்களிலேயே மாணவர்கள் கட்டுப்பாட்டு அமைப்பை நீக்கிவிட்டு விரும்பிய தளங்களைத் திறந்தனர். 2014-இல் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. தாய்லாந்தில் 2012-இல் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு டேப்லெட் வழங்கத் தொடங்கிய திட்டம், 2014 இராணுவப் புரட்சிக்குப் பின் கைவிடப்பட்டது.

இந்தியாவில் ‘ஆகாஷ்’ டேப்லெட்டை 2011 அக்டோபர் 5 அன்று மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்டார். உலகின் மிக மலிவான டேப்லெட் என்று அது பேசப்பட்டது. விரல் படுவதை உணராமல் அழுத்தத்தை மட்டும் உணரும் திரை, மந்தமான வேகம், சில மணி நேரமே தாங்கும் பேட்டரி ஆகியவற்றால் மாணவரிடையே நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு மேம்பட்ட ஆகாஷ் 2 வந்தது. கற்பித்தல் பதிவுக்கும் மதிப்பீட்டுக்கும் ஆசிரியரின் கையில் கருவியைத் தருவது, மாணவருக்கு வழங்குவதிலிருந்து வேறுபட்ட அணுகுமுறை. தமிழ்நாடு அரசு 2024-இல் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட் வழங்கியது அவ்வகையைச் சேர்ந்தது.

தமிழில் பயன்பாடு

ஒரு கருவி யாருக்குப் பயன்படும் என்பது மொழியையும் சார்ந்தது. ஐஓஎஸ் இயங்குதளத்திலேயே ‘தமிழ் 99’, ‘அஞ்சல்’ ஆகிய தமிழ் விசைமுகங்கள் 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் சேர்க்கப்பட்டன. ஐஓஎஸ் 5.1.1-உடன் நின்றுவிட்ட முதல் ஐபேடுக்கு அவை கிடைக்கவே இல்லை. ஓராண்டு தள்ளி ஐபேட் 2 வாங்கியவருக்குக் கிடைத்தன.

சட்ட ஏற்பாடுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, செல்பேசி, டேப்லெட்டுகளின் பேட்டரி 800 சுற்றுகளுக்குப் பின்னும் 80 விழுக்காடு திறனைத் தக்கவைக்க வேண்டும். ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் பயன்பாடு முடிந்த கருவிகளின் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்துகின்றன.

மதிப்பீடு

‘எல்லாவற்றுக்கும் ஆகும்’ என்று வாங்கப்படும் டேப்லெட், செல்பேசிக்கும் மடிக்கணினிக்கும் இடையில் வேலையின்றி நிற்கிறது. ஒரு பையையோ, ஓவியத் தாளையோ, தனிக் கருவியையோ ஓய்வுக்கு அனுப்பிய டேப்லெட் புதுமை போன பிறகுதான் உண்மையில் பயன்படத் தொடங்குகிறது. ஆகவே, வாங்குமுன் பார்க்க வேண்டியவை திரையின் பளபளப்பும் விலைத் தள்ளுபடியும் அல்ல. இது எந்தப் பொருளுக்கு மாற்று, புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை, பேட்டரியை மாற்ற முடியுமா என்ற மூன்று விவரங்களே.