கை ஓய்ந்தால் மூச்சு ஓயும்

ஹவுஸ் சர்ஜன் நாட்களில் ஓர் இரவு நினைவிருக்கிறதா? கில்லன் பாரே நோயால் உதரவிதானம் செயலிழந்த வாலிபர், வென்டிலேட்டர் காலியில்லை. "மாத்தி மாத்திப் பிடிங்கடா, நிறுத்திடாதீங்க" என்றார் சீஃப். விடிய விடிய ஆம்பு பேக்கை அழுத்தினோம். பிழைத்தார்.

அந்த வேலையை நமக்கு முன்பே மாணவர்கள் செய்திருக்கிறார்கள். 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் இருந்த இரும்பு நுரையீரல் ஒன்றே ஒன்று. மூச்சுத் தசைகள் செயலிழந்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்றே வாரத்தில் மாண்டனர். ஆகஸ்ட் 27 அன்று, மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கச் செய்து, ரப்பர் பையை அழுத்திக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். பிறகு ஏறத்தாழ 1,500 மாணவர்கள் மாதக்கணக்கில் முறைவைத்து அழுத்தினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அதுவே வித்து. ஆம்பு பேக்கும் 1956-இல் அதே டென்மார்க்கிலிருந்து வந்ததுதான்!

இன்று வழிகள் பல. இரவில் முகமூடி வழியே காற்றூட்டும் பைபேப்; ஒருபக்கம் தளர்ந்து மேலேறிய உதரவிதானத்தை மடித்துத் தைக்கும் அறுவை; கழுத்துத் தண்டுவடம் அடிபட்டும் ஃப்ரெனிக் நரம்பு பிழைத்திருந்தால் அதைத் தூண்டும் பேஸர். எது பொருந்தும் என்பதைக் காரணமே சொல்லும்.

தம்பி, தங்கைகளே! இயந்திரம் எந்த நேரமும் மக்கர் பண்ணலாம். அப்போது வேண்டியது உங்கள் கைதான். அந்தப் பையை அழுத்தப் பழகிக்கொள்ளுங்கள்.