சீனமா, பிரெஞ்சா?

எம்மொழியைக் கற்பது? சீனத்தையா, பிரெஞ்சையா? பிழைப்பைக் கருதி இளைஞர் சிலர் இன்று இக்கேள்வியை எழுப்புகின்றனர். ஒரு நாடே இக்கேள்வியின் முன் நிறுத்தப்பட்டதுண்டு. அந்நாடு வியட்நாம். அது கண்ட விடையை நாம் அறிதல் வேண்டும்.

கி.மு. 111 முதல் கி.பி. 938 வரை, இடையிடையே கிளர்ச்சிகள் வெடித்தபோதிலும், சீனம் அங்கே கோலோச்சிற்று. ஆண்டவர் போயினர், அவர்தம் மொழி போகவில்லை! 1075-ல் தொடங்கிய அரசுத் தேர்வு சீன மொழியிலேயே நடந்தது. தேறியோர் பெயரைக் கல்லில் பொறித்தனர். அத்தகைய 82 கல்வெட்டுகள் ஹனோய் நகரின் இலக்கியக் கோயிலில் இன்றும் நிற்கின்றன. கல்லைச் சுமந்தவன் அதனைப் படித்திருப்பானா? உழுதவனுக்கு அது ஊமை எழுத்து!

பின்னர் பிரெஞ்சு ஏகாதிபத்தியம் நுழைந்தது. 1919-ஓடு பழைய தேர்வு ஒழிந்தது. பண்டிதர் அமர்ந்த இடத்தில் பிரெஞ்சு படித்த குமாஸ்தா அமர்ந்தார். நாற்காலிக்காரர் மாறினார், நாட்டு மக்கள் நின்ற இடம் மாறவில்லை.

வேடிக்கை ஒன்று கேளீர்! ரூசோ, மாண்டெஸ்கியூ ஆகியோரின் கருத்துகளைப் பான் சூ டிரின் போன்ற சீர்திருத்தவாதிகள் அறிந்தது சீன மொழியில் வந்த புதுநூல்கள் வாயிலாக! எனவே, எம்மொழியும் பகையன்று. மொழியை வேலியாக்கும் ஆதிக்கமே பகை.

இதனை உணர்ந்தோர் 1907-ல் ஹனோயில் கட்டணமில்லாப் பள்ளியொன்றைத் திறந்தனர். சீனமும் பிரெஞ்சும் அங்கே உண்டு. ஆயினும் மக்களிடம் கொண்டுசெல்லத் தேர்ந்தது தாய்மொழியை, அதுவும் ரோமன் எழுத்தில். அவ்வெழுத்துமுறை, மதம் பரப்ப வந்த பாதிரிமார் 17-ஆம் நூற்றாண்டில் வகுத்தது! மதத்துக்கெனச் செய்த கருவி அறிவு பரப்பும் கருவியாயிற்று. ஓராண்டு நிறையுமுன் ஆட்சியினர் பள்ளியை மூடினர். அஞ்சினர் என்பதன்றோ அதன் பொருள்?

ஹோ சி மின்னின் வாழ்வைப் பார்ப்போம். 1922-ல் பாரிஸ் நகரில் ஏகாதிபத்தியத்தைச் சாடிப் பிரெஞ்சில் எழுதினார். 1942-ல் சீனச் சிறையில் சீன மொழியில் கவிதை புனைந்தார். 1945 செப்டம்பர் 2-ல் விடுதலையை அறிவித்தபோதோ, வியட்நாமிய மொழியில் முழங்கினார்! ஆறே நாளில், தாய்மொழி எழுத்தறிவைக் கட்டாயமும் இலவசமுமாக்கும் ஆணை பிறந்தது.

சீனம் கற்கலாம், பிரெஞ்சும் கற்கலாம். அயல்மொழி, அறிவை ஏற்றிவரும் ஓடம். ஏற்றி வந்ததை எல்லார்க்கும் பங்கிடத் தாய்மொழி வேண்டும். கற்றதைக் கல்லாதவனிடம் சேர்ப்போமா? மொழியைத் தேரும் முன் நாம் நம்மைக் கேட்கவேண்டிய கேள்வி இதுவே!